மூன்றேகால்

மர்டோ கேஸல்ஸ் காலுறையைக் கழற்றியதும்
நான் ஜன்னலைத் திறப்பேன்.
ரான்ஃபர்லியில் ஜூலை மாதம், வெளியே புல்லெல்லாம் உறைபனி,
ஆனாலும் திறப்பேன்.
அவர் அதைக் கவனிக்காதவர்போல்
சுவரிலிருக்கும் தடுப்பூசி அட்டவணையைப் படிப்பார்,
பிள்ளைகளே இல்லாத மனிதர்.

வலது பாதம், பெருவிரலுக்குக் கீழே மேடு.
காலிஃபிளவர் துண்டை ஒட்டவைத்ததுபோல் ஒரு மரு.
கோப்பில் என் கையெழுத்து:
"உள்ளங்கால் மரு. உறையவைத்தேன்."
அதன்கீழ் அதே வரி.
அதன்கீழும்.
நான்கு வருடத்தில் பதினோரு முறை திரவ நைட்ரஜன்,
எண்ணாமல் விட்ட அமிலப் புட்டிகள்,
இடையில் ஒருநாள் அவராகவே
சாணைபிடித்த பேனாக்கத்தி.
மருத்துவர் மேலாகச் சுரண்டி டனீடினுக்கு அனுப்பினார்.
மருதான், தீங்கில்லை என்று தாள் வந்தது.
நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்;
தாளும் கையில் இருக்கிறது, இனி யார் கேட்பது.

மர்டோவுக்குத் தொழிலே முயல்தான்.
வேட்டைப் பொழுதுக்கென்று யாரோ கப்பலில் கொண்டுவந்து விட்டவை
மலையை மொட்டையடித்துவிட்ட நாட்டில்
பண்ணை பண்ணையாகப் போய் ஒழித்துக் கொடுப்பவர்.
அவருடைய நாய் பிட்டி
ராத்திரியில் அந்த ஒற்றைப் பூட்ஸை மட்டும்
வளைவாயில் பறிப்பதுபோல் பறிக்கிறது என்றார்.
சிரித்தார்.
நானும் சிரித்தேன்.
அதைக் கோப்பில் எழுதவில்லை.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்,
பஞ்சை வைத்து மேட்டை அழுத்தினேன்.
அழுத்திய இடத்தில் ஒன்றுமில்லை.
ஒரு விரற்கடை தள்ளி, நான் பார்த்தே இராத துளையில்
வெள்ளையாகத் திரிந்த பால்போல் பிதுங்கியது.
மர்டோ அட்டவணையிலிருந்து கண்ணை எடுத்தார்.
காலைத் தன் பக்கம் திருப்பி
வெகுநேரம் பார்த்தார்,
தரையைப் பார்க்கும் அதே பார்வை.
"பின்வாசல்" என்றார்.
"இன்னொன்றும் இருக்கும், ஃபிலிப்பா. தேடு."

இருந்தது.

இந்த முறை சுரண்டவில்லை. ஆப்புபோல் ஆழ வெட்டி எடுத்தார்கள்.
ஆய்வகத்திலிருந்து ஹினெமோவா பராட்டா
தானே தொலைபேசியில் வந்தாள்.
மேல்தட்டில் எல்லாமே மரியாதையான செல்கள், என்றாள்,
அதனால்தான் முன்பு ஏமாந்தோம்.
அவசரமில்லை, முரட்டுத்தனமில்லை,
ஆனால் மொத்தமாகத் தோளைக் கொடுத்துத்
தள்ளிக்கொண்டே இறங்குகிறது.
புற்றுதான். அபூர்வம்.
வேறெங்கும் ஓடாது பெரும்பாலும்; இருந்த இடத்தையே தின்னும்.
பழைய வைத்தியர்கள் லத்தீனில் வைத்த பெயருக்கு
அர்த்தம் முயல் வளை.

மர்டோவிடம் சொன்னேன்.
"பேர் வைத்தவன் எங்கள் ஆளாகத்தான் இருக்கணும்" என்றார்.
பிறகுதான் முகம் வெளுத்தது.

அறிக்கையில் வளையின் நீளம் போட்டிருந்தது.
மூன்றேகால் சென்டிமீட்டர்.
வாய்விட்டு ஒருமுறை படித்தேன்.
என் முயல் அங்கேதான் உட்கார்ந்திருந்தது.

எலும்பைத் தொட்டுவிட்டது என்றது ஸ்கேன்.
பெருவிரலையும் அதன் பின்னாலிருந்த நீள எலும்பையும் எடுத்தார்கள்,
விளிம்புகளை நுண்ணோக்கியில் சுற்றிவந்து பார்த்தார்கள்:
சுத்தம்.
கதிர்வீச்சு வேண்டாம் என்றார்கள்;
சீண்டினால் குணம் மாறக்கூடிய சாதி.

நவம்பரில் கட்டுப் பிரிக்க வந்தார்.
காலுறையைக் கழற்றினார்.
என் கை பழக்கத்தில் ஜன்னலுக்குப் போய்
கொக்கியில் நின்றுவிட்டது.
அறையில் சோப்பு வாசம் மட்டும்.
"நான் பார்த்திருக்கணும்" என்றேன்,
கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு.
"நான் நாயைக் கேட்டிருக்கணும்" என்றார் அவர்.
அது மன்னிப்பா இல்லையா தெரியவில்லை.
"திற. வெளியே கட்டிப்போட்டிருக்கிறேன், குரல் கேட்கட்டும்."

அடுத்து ஒரு பள்ளிக்கூடப் பையன்,
குதிகாலில் மரு.
நைட்ரஜன் குடுவை மேசையில் புகைந்துகொண்டிருக்க
பஞ்சால் அழுத்தினேன், சுற்றிலும் அழுத்தினேன்,
வலிக்குது என்று அவன் காலை உதறும்வரை.
மருதான்.
எழுதினேன்,
முற்றுப்புள்ளிதான் வரவில்லை.