ஈ வைத்த புள்ளி

லைப்சிக், ஜூலை. அச்சகத்தின் மூன்றாம் மாடி.
ஈயத் தகட்டில் இசையை வலமிருந்து இடமாக,
கண்ணாடிக்குள் எழுதுவது போல்
அடித்துக்கொண்டிருக்கிறான் கிரவுட்வால்ட்.
முழு நோட்டுக்கு ஓர் உளி, கால் நோட்டுக்கு ஓர் உளி,
புள்ளிக்கு ஊசி மாதிரி ஒன்று.
முழுசு, காலைவிட நான்கு மடங்கு நீளம்.
அதற்காக நான்கு மடங்கு இடம் விட்டால்
பக்கம் பல்லிளிக்கும்.
எவ்வளவு விடலாம் என்பது
அவன் கட்டைவிரலுக்குத் தெரியும்.

பக்கத்து மேசையில் ஒட்டிலி கூட்டிப் பார்க்கிறாள்.
மெய்ப்புப் பார்க்கக் காது வேண்டாம்,
கணக்குப் போதும் என்பார் முதலாளி.
அறைக்கு மூன்று அடி.
இரண்டு, ஒன்று. ஒன்று, ஒன்று, ஒன்று.
வாடகை வசூலிக்க வந்தவள் போல
ஒவ்வோர் அறையாகத் தட்டிப் போனவள்
நாற்பத்தொன்றில் நின்றுவிட்டாள்.
மூவர் தங்கும் இடத்தில் நால்வர்.

அரை நோட்டு ஒன்று. அதன் வலப்பக்கம் ஒரு புள்ளி.
அப்புறம், போக்கிடமில்லாமல்,
ஒற்றைக் காலில் ஒரு கால் நோட்டு.

தமிழில் புள்ளி கறார்ப் பேர்வழி.
தலையில் ஏறினால் உயிரைப் பறித்து
எழுத்தை அரை மாத்திரையாக்கிவிட்டு
அங்கேயே உட்காரும்.
இங்கோ தோளுரசி நின்று
இருப்பதில் பாதியை மேலும் கொடுக்கிறது.

எது பிழை, புள்ளியா, கால் நோட்டா?
எழுதியவரைக் கேட்க முடியாது, பிப்ரவரியில் போய்விட்டார்.
ரீகாவில் இருக்கும் தங்கைக்குக் கடிதம் எழுதினாள்.
எட்டாம் நாள் பதில்:
"அண்ணன் அந்த இடத்தில் எப்போதும் நிற்பான்.
காபிக்கா, இசைக்கா, நான் கேட்டதில்லை.
ஜன்னல் திறந்திருக்கும். பிளம் ஜாமை மூடமாட்டான்."

ஒட்டிலி கைப்பிரதியை வெளிச்சத்தில் பிடித்தாள்.
மை என்றால் காகிதத்தில் ஊறியிருக்கும்.
இது மேலே உட்கார்ந்திருந்தது.
நகம் பட்டதும் உதிர்ந்தது.

ஈ.
இரண்டு மாத்திரை நெடில்.
அதன் எச்சம் ஓர் அடி நீளம்.

கிரவுட்வால்ட் தகட்டைக் கவிழ்த்தான்,
முதுகில் இடம் பார்த்து இரண்டு தட்டு.
பள்ளம் மூடிக்கொண்டது. கணக்கு நேரானது.

ஆனால் எட்டு நாளும் அந்த வரியை
அவள் புள்ளியோடுதான் முணுமுணுத்தாள்.
இப்போது நாற்பத்தொன்று சட்டென்று முடிகிறது,
இருட்டில் இன்னொரு படி இருக்குமென்று
காலை வைத்துத் தரையை மிதித்தது போல.

"திரும்ப வைக்கவா?"
ஊசி உளியைத் தூக்கிக் காட்டுகிறான்.
அவள் நிமிரவில்லை. நாற்பத்திரண்டு.
மூன்று. மூன்று. மூன்று.

மைக்கூட்டின் விளிம்பில்
முன்கால்களைத் தேய்த்துக்கொண்டிருக்கிறது ஒன்று,
எந்த அவசரமும் இல்லாமல்.