வேலி வெட்டும் வாரம்

குறிப்பேட்டில் இப்படி இருக்கிறது:
செப்டம்பர் பதினெட்டு, வியாழன், காலை எட்டரை.
ஹெபிள்வொயிட் வீடு, லௌத்.
பின்பக்க வேலி, இருபத்திரண்டு மீட்டர்,
உயரத்தில் பாதியைக் கழிக்க வேண்டும்.
ரொக்கம். நாய் இல்லை.

வேலி வெட்டிப் பிழைக்கிறவளுக்கும் ஒரு பஞ்சாங்கம் உண்டு.
மார்ச் தொடங்கி ஆகஸ்ட் முடிய
என் கத்திகள் எண்ணெய் தடவித் தூங்கும்,
இலைக்குள் குடித்தனங்கள் நடக்கும்.
செப்டம்பர் வந்தால் வீடுகள் காலி,
பிறகு என் ராஜ்ஜியம்.
பதினோரு வருடம் இது பிசகியதில்லை.

ஏணியில் ஏழாம் படி.
இயந்திரத்தின் கயிற்றை இழுக்கப் போன கை
அப்படியே நின்றது.

யாரோ அவசரத்தில் கொட்டிவிட்டுப் போன
தீக்குச்சிகள்போல் ஒரு கூடு.
கூடென்று அதைச் சொல்வது மரியாதைக்குத்தான்;
அடியிலிருந்து பார்த்தால் வானம் தெரியும்.
அதன்மேல் இரண்டு காட்டுப்புறாக் குஞ்சுகள்.

அழகென்று பொய் சொல்ல மாட்டேன்.
மறந்துபோன உருளைக்கிழங்கு முளைவிட்டு
அதற்கு ஒரு மூக்கும் வைத்தாற்போல.
மண்டையில் உதிராத மஞ்சள் மயிர்,
முகத்துக்குப் பொருந்தாத அலகு.
பெரியவற்றின் கழுத்தில் இருக்கும் வெள்ளைத் திட்டு
இன்னும் வரவில்லை.
ஒன்று என்னைப் பார்த்து உடம்பை உப்பி
டக்கென்று அலகைத் தட்டியது,
ஐம்பத்தாறு கிலோ எடையும்
பெட்ரோல் இயந்திரமும் உள்ள என்னை.

"செப்டம்பரிலா?" என்றார் ஐவர் ஹெபிள்வொயிட்,
தேநீர்க் கோப்பையோடு கீழே நின்று.
செப்டம்பரில்தான்.
ஊருக்கு வெளியே கோதுமை அறுத்துவிட்டார்கள்,
சிந்திய மணிகள் தாளுக்கடியில் கிடக்கும்வரை
இவற்றுக்கு வசந்தம் முடியாது.
பகலெல்லாம் வயலில் பொறுக்கி
மாலையில் வந்து தொண்டைப்பையைத் திறக்கும்.
முதல் சில நாட்கள் அதில் பால்தான்.
தாய்க்கு மட்டுமில்லை,
தகப்பனுக்கும் சுரக்கும் சாதி.
ஐவர் இதைக் கேட்டுவிட்டு
கோப்பைக்குள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தெர்ஸா கோப்பின் குரல்:
"என்ன, சத்தத்தையே காணோம்?"
இந்த வேலி தன் வெயிலைத் தின்கிறது என்று
கவுன்சிலுக்கு மூன்று கடிதம் எழுதியவர் அவர்.
அவருடைய முட்டைக்கோஸைத் தின்பது
இந்தப் புறாக்கள்.
சொன்னேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"எத்தனை நாள்?"
"மூன்று வாரம். நான்கென்று வையுங்கள்."
"என் கோஸ் நான்கு வாரம் தாங்காது" என்றார்.
ஆனால் ஏணி ஒன்றைக் கொண்டுவந்து சாய்த்து
மூட்டுவலியோடு நான்கு படி ஏறி
அவர் பக்கத்திலிருந்தும் பார்த்தார்.
"என் மூத்தவன் பிறந்தபோது இதே லட்சணம்தான்."

அக்டோபர் பதினாறு.
கூட்டில் எச்சம் காய்ந்து
இப்போதுதான் கொஞ்சம் உறுதியாகியிருந்தது,
ஆள் போனபிறகு.
புல்லில் ஓரிடத்தில் ஒரு கைப்பிடி சாம்பல் இறகு.
பருந்தோ பூனையோ, ஐவர் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

மற்றது தெர்ஸாவின் கொடிக்கம்பத்தில் இருந்தது,
கழுத்தில் வெள்ளையில்லாமல்,
கோஸ் பாத்தியை நோக்கியபடி,
உலகத்தில் இதுவரை யாரும் தன்னை விரட்டாத
அந்த முகத்தோடு.
தெர்ஸா வாசலில் நின்றார்.
கையில் செருப்பு. ஓங்கிய கைதான்.
"கழுத்து வெளுக்கட்டும்" என்றார்,
"அப்புறம் வைத்துக்கொள்கிறேன்."

இயந்திரத்தை எடுக்க வண்டிக்குப் போனேன்.
திரும்பி வரும்போது
வேலியின் மறுகோடியில் பெரிய புறா ஒன்று
உள்ளே நுழைந்துகொண்டிருந்தது,
அலகில் குறுக்காக ஒரே ஒரு குச்சி.

ஐவர் என்னைப் பார்த்தார்.
நான் குறிப்பேட்டை எடுத்தேன்.