பணி நிமித்தம்

கழுத்து அட்டையில்
'கோ. தில்லைநாயகி, மாவட்ட நூலக அலுவலர்' என்றிருக்கிறது.
அவருக்கு முதுகில் பிடிப்பு.
ஆகவே அருப்புக்கோட்டைக் கிளையின்
மூன்றாம் நிலை நூலகர் நான்
இரண்டு நாளைக்கு அவர்.
பெயரை மாற்றித் தரக் கேட்டேன்.
பதிவு மேசைப் பையன் கையை விரித்தான்:
'பிரிண்டர் ஹாளாகிதே மேடம்.'

முதல் அமர்வு எண்மமாக்கல்.
இரண்டாவது களையெடுத்தல்.
ஐந்து வருடம் யாரும் தொடாத புத்தகம்
அடுக்கில் எதற்கு என்று
திரையில் ஒரு வண்ண வட்டம் கேட்டது.
ஏசிக் குளிரில் எல்லாத் தலையும் ஆடியது.
எனக்கு ஞாபகம் வந்ததோ
தொண்ணூற்றெட்டில் கடைசியாக முத்திரை வாங்கிய
தேனீ வளர்ப்புப் புத்தகம்.
தூசி தட்டும்போதெல்லாம்
அட்டைப்படத் தேனீ என்னைப் பார்க்கும்.

கழிப்பறைக்குப் போகிறவள்போல எழுந்தேன்.
பின்னாலேயே இன்னொரு கழுத்து அட்டையும் எழுந்தது.
பிரணதி போரா, ஜோர்ஹாட்.

எங்கள் இருவரிடமும் இருந்த இங்கிலீஷ்
ஒரு பை-டூ காபிக்குச் சரியாக இருந்தது.
நின்றபடியே குடித்தோம்.
கப்பன் பார்க்கில் ஒரு மரம்
இலையை முழுக்க உதிர்த்துவிட்டு
ரோஸ் நிறத்தில் மட்டும் நின்றது.
அதன் கீழே ஒருவன் லேப்டாப்பில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தான்,
தலையெல்லாம் பூ.

சிவப்புக் கட்டடத்து மத்திய நூலகம்.
தொழில்புத்தி, நுழையாமல் முடியுமா?
நாளிதழ் மேசையில்
கன்னடப் பேப்பரை முகத்தில் சார்த்தி ஒருவர் தூங்கினார்.
எங்கள் கிளையின் மரியசூசை சார்
தினம் பதினொன்றரைக்குச் சாயும் அதே சாய்வு.
எழுப்பாதீர்கள் என்று கண்காட்டினார் அங்கிருந்த நூலகர்.
எனக்கா தெரியாது?

அவென்யூ ரோடு, நடைபாதை.
'ஹளே புஸ்தகா, ஹளே புஸ்தகா.'
பாலுக்கு ஹாலு, பூவுக்கு ஹூவு,
பல்லுக்கு ஹல்லு, பழையதற்கு ஹளே.
அடடா,
காலையில் பிரிண்டர் பாழாய்ப் போயிருக்கிறது!
உதட்டைப் பூட்டி நாங்கள் சொல்லும் பகரத்தை
வெறும் மூச்சாக விட்டுவிட்ட ஊர்.
பிரணதிக்கு இதைச் சொல்ல என்னிடம் இங்கிலீஷ் இல்லை.
சிரித்தேன். காரணம் கேட்காமல் அவளும் சிரித்தாள்.

அடுக்கு மாறிய புத்தகம் தொலைந்த புத்தகம்
என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள்.
தொலைந்த புத்தகத்துக்கு
எவ்வளவு ஜாலி என்று சொல்லவில்லை.

மறுநாள் நான் மட்டும், தொம்மலூர்.
மாடிவீடுகள் நெருக்கியடிக்கும் சந்தில் சொக்கநாதர்.
உள்ளே பார்த்தால் பெருமாள்.
சிவனுக்குப் போட்டுவைத்த பகுப்பு எண்
என் மனசில் அப்படியே அழிந்தது.
நிலைக்கல்லில் தமிழ்,
புள்ளி வைக்காத தமிழ்.
விரலால் தடவினேன்.
மூன்று எழுத்து பிடிபட்டது, நாலாவது வழுக்கியது,
ஐந்தாவது 'க'வா 'ச'வா, கல்லே அறியும்.
எத்தனையோ நூறு வருடமாக
இரவல் போகாமல்
தன் இடத்திலேயே நின்று வெயில் வாங்கியிருக்கிறது.

'ஓதக்கே பருத்தா?' என்றார் அர்ச்சகர்.
ஓத வருமா.
'ஸ்வல்ப' என்றேன்.
என் கழுத்து அட்டையை உற்றுப் பார்த்தவர்
பூக்கட்டும் பெண்ணிடம் மெல்ல
'கல்வெட்டு ஆபீசர்' என்கிற மாதிரி எதையோ சொன்னார்.
நான் மறுக்கவில்லை.
தீர்த்தம் இரண்டு கரண்டி கிடைத்தது.

திங்கட்கிழமை பயணப்படிப் பட்டியல்.
வரிசை எண் ஏழு:
ஆட்டோ, தொம்மலூர், போக மட்டும், நூற்றெண்பது.
(வர, நடந்தேன். வழி தப்பினேன். அதற்குக் கட்டம் இல்லை.)
நோக்கம் என்ற இடத்தில்
'இருப்புச் சரிபார்ப்பு' என்று எழுதினேன்.

தில்லைநாயகி மேடம்
முதுகைப் பிடித்தபடி கையெழுத்துக்குக் குனிந்தவர்
ஏழாம் எண்ணில் நின்றார்.
கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.
'எதுவும் குறையுதா?'
'ஒண்ணு ரெண்டு எழுத்து தேஞ்சிருக்கு மேடம்.
மத்தபடி எல்லாம் இருக்கு.'