தலையும் வாலும்

மூன்று பத்துக்கு இடைவேளை.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தின் பின்கதவில் நின்று
கைபேசியை எடுக்கிறேன்.
வெளியே ஓல்டன் நகரம் இல்லை.
ஆரே ஆற்றிலிருந்து ஏறிய மூடுபனி
மரப்பாலத்தையும் கோபுரத்தையும்
ஒரே விரிப்புக்குள் சுருட்டிவிட்டது.

பெருவிரலை வைக்கிறேன்.
பொருந்தவில்லை என்கிறது.
ஏப்ரனில் துடைத்து வைக்கிறேன். பொருந்தவில்லை.
பதினாலு வருசமாய் வெளுப்புத்தூள்
யார்யாருடையவோ இரத்தக்கறையோடு
என் ரேகையையும் தின்றிருக்கிறது.
கியாசோ எல்லையில் அன்று
பத்து விரலையும் கண்ணாடியில் அழுத்தினார்கள்.
எந்தக் கரையில் எப்போது இறங்கினேன் என்று
ஒரு நொடியில் காட்டிக்கொடுக்குமளவுக்கு
அப்போது பொருந்தியது.
இப்போது என் காசுக்கு முன்னால்
நான் யாரோ.

ஆறு இலக்கம் அடிக்கிறேன்.
இருநூற்றுப் பதினேழு பிராங்க்.
நேற்று இருநூற்று முப்பது.
நான் ஒரு சதமும் தொடவில்லை.

முன்பு குகநேசனிடம் சீட்டுக் கட்டினேன்.
இருபது பேர், மாதம் ஐந்நூறு.
பற்றிசும் தேத்தண்ணியும் தந்து
“உங்கட காசு என்ர வீட்டில இருக்கிற மாதிரி அக்கா” என்பான்.
உண்மைதான்.
மொன்றியலில் இருக்கிறதாம் அந்த வீடு.

அதனால்தான் இதற்கு வந்தேன்.
இது நம்பச் சொல்வதில்லை,
தன்னையும்கூட.
பன்னிரண்டு சொற்கள் தந்து
தாளில் எழுது, படம் எடுக்காதே,
பெற்ற பிள்ளைக்கும் சொல்லாதே என்றது.
தொலைத்தால் கூப்பிட ஓர் எண் இல்லை.
போய் நின்று கத்த ஒரு வாசல் இல்லை.
குகநேசன் வாசலில்
மண்ணாவது அள்ளித் தூற்றினோம்.
மூன்றாம் மாடியில் மண்ணுக்கு எங்கே போவது,
பக்கத்து வீட்டுப் பூச்சாடியிலிருந்து அள்ளினோம்.
பிறகு நானே கூட்டித் துடைத்தேன்.

சொற்களோ இங்கிலீஷ்.
என் ஜெர்மனே
அறுபது பாகை, தொண்ணூறு பாகை, தொற்றுத்துணி, அவ்வளவுதான்.
மகனைக் கேட்டால் மகனுக்குத் தெரிந்துவிடும்.
ஒவ்வொன்றாய்த் தேடிப்பிடித்துத்
தமிழில் ஒரு சரடு கோத்தேன்:
ஏணியில் ஏறிய வாத்து
மாமனிடம் உப்புக் கேட்டது,
மாமன் குளிர்காலத்தைக் காட்டினான்…
மிச்சம் சொல்லமாட்டேன்.
விரிப்பு மடிக்கும்போது வாய் முணுமுணுக்கும்.
செபமா என்று கேட்டாள் மேற்பார்வையாளர் ஹூர்ட்செலர்.
ஓம் என்றேன்.
தன் கையிலிருந்த விரிப்பைச்
சத்தமில்லாமல் மடித்து வைத்தாள்.

இன்று நிரோசாவுக்கு அறுபது அனுப்பவேண்டும்.
முலூசில் இருக்கிறாள், பேக்கரியில் இரவுவேலை.
என் பல்லுக்குக் கடன் தந்தவள்.
அவளுடைய முகவரி நாற்பத்திரண்டு எழுத்து.
அதில் ஊரும் இல்லை, தெருவும் இல்லை.
“முதல் நாலு, கடைசி நாலு பார், போதும்” என்பாள்.

பாம்புக்குத் தலை, மீனுக்கு வால்.
விலாங்கை அறியாதவளா நான்.
போன கிழமை யாரோ
தூசியளவு காசு அனுப்பியிருந்தார்கள்.
வந்த முகவரியின் தலை அவளுடையது.
வாலும் அவளுடையது.
நடுவில் இருந்த உடம்பு
எவனுடையதோ.
கணக்குப் பட்டியலில் சேறுபோல் படுத்து
நான் அவசரப்படக் காத்திருந்தது.

ஆகவே ஈர் பார்ப்பதுபோல்
எழுத்தெழுத்தாய்ப் பார்க்கிறேன்.
பத்தொன்பதாவதில் இயந்திரம் கூவுகிறது:
சுற்று முடிந்தது, கதவைத் திற.
கூவட்டும்.
எட்டா, பி-யா?
திரையை முகத்தோடு ஒட்டிப் பிடிக்கிறேன்.
எட்டு.
இருபது. இருபத்தொன்று.

அனுப்பு என்பதைத் தொட்டால்
திரும்பப் பெற முடியாது என்று
சிவப்பில் எழுதிக் காட்டுகிறது.
இந்த நாட்டுக்கு வரும்போது
எவரும் இவ்வளவு தெளிவாய்ச் சொல்லவில்லை.

தொட்டேன்.

ஒரு வட்டம் சுற்றுகிறது.
சரக்குரயில் ஒன்று
நூறு பெட்டியோடு போகிறது, கண்ணுக்குத் தெரியாமல்,
சத்தம் மட்டும்.
இன்னும் சுற்றுகிறது.
குகநேசன் இப்போது தூங்குவானா?
அங்கே இரவு ஒன்பது மணி,
சோறு தின்றுகொண்டிருப்பான்.

பிறகு அவளிடமிருந்து:
வந்தது. பல் எப்படி?

குத்துது, என்று எழுதிவிட்டு
உள்ளே போகிறேன்.
சூடான விரிப்புகள். அறுபது, தொண்ணூறு.
ஏணி, மாமன், உப்பு.
கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு ஒன்று:
வாத்து மட்டும் பொய்.