நடுக்கட்டம்

லீவு இருபத்தொரு நாள். பதினாறு போய்விட்டது.
சமாதானபுரத்து மாடியறையில் மடிக்கணினி சூடாகிறது.
ஒரு சங்கம் ஏழு மணி நேரம் உட்காரவைத்துக் கணக்குக் கேட்கும்.
இன்னொன்று இரண்டு பேரை எதிரே அமர்த்திப் பேசச் சொல்லும்.
கொல்கத்தாவில் ஒன்று, எத்தனை வருடம் என்று கேட்கும்,
அதைப் பற்றி தோஹாவில் யாரும் கேட்கமாட்டார்கள்.
கம்பெனி ஒரு சந்தாதான் கட்டும்,
வியாழனுக்குள் சொல், என்று பிரெண்டனின் மின்னஞ்சல்.

படிவம் முதலில் குடும்பப் பெயர் கேட்டது,
இல்லாமல் அடுத்த பக்கம் விடவில்லை.
அப்பாவைப் போட்டேன்.
இனி வாங்கும் எழுத்தெல்லாம் அவர் பெயருக்குப் பின்னால்தான் தொங்கும்.
‘மருந்துக்கடை தங்கராஜுக்கு லண்டன்ல பட்டமா’ என்று
சப்பாத்தியைப் பிய்த்தபடி சிரித்தார்.

ஐந்தாம் பக்கத்தில் நின்றுவிட்டேன்:
நீங்களே பொறுப்பேற்று எடுத்த ஒரு முடிவு, ஐந்நூறு சொல்லில்.

நாற்பது மாடிக்குக் காற்றைக் கணக்கிட்டிருக்கிறேன்.
வரைபடத்தின் மூலையில் மூன்று கட்டம் இருக்கும்,
வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர்.
பதினோரு வருடமாக நான் நடுக்கட்டம்.

சாயங்காலம் முத்துப்பேச்சி ஸ்கூட்டரில் வந்தாள்.
காலேஜில் ஒரே பெஞ்சு, ஒரே பேப்பரில் அரியர்.
இப்போது நெடுஞ்சாலைத் துறையில் உதவிப் பொறியாளர்.
‘சேரன்மாதேவி வரைக்கும் வா பியூலா, ஒரு சோலி கெடக்கு.’

கன்னடியன் கால்வாய்க்கு ஒரு சின்னப் பாலம்.
வாழைக்குள்ளிருந்து கொசு.
லாரிக்காரர் தண்ணீர் விட்டு இளக்கிய கலவை
கூம்பைத் தூக்கியதும் கரைத்த சாணியாய்ப் படுத்துக்கொண்டது.
‘திருப்பிக் கொண்டு போங்க.’
ஒப்பந்தக்காரர் போனில் யார் யாரையோ பேசவைத்தார்.
ஒரு காதில் அதை வைத்துக்கொண்டே
ஆர்டர் புத்தகத்தில் எழுதினாள், தேதி போட்டாள்,
ஈரக் கையால் கையெழுத்து. மை கொஞ்சம் பரவியது.
‘என்ன, கடையத்துக்கு மாத்துவாவ.
அங்கயும் பாலம் உண்டும்லா.’

பெயருக்குப் பின்னால் ஒரு எழுத்தும் இல்லை அவளுக்கு.
நான் எதுவும் சொல்லவில்லை. முறுக்கு வாங்கித் தந்தாள்.

ராத்திரி கரண்ட் போய் வந்த பிறகு நினைவு வந்தது.
ஒரு கார் நிறுத்தத் தளம், பதினான்காம் தூண்.
தளத்தைத் துளைத்துக்கொண்டு போகும் என்று சிவப்பில் எழுதினேன்.
சரிபார்ப்பவர் மறுப்பதில்லை, குறிப்புதான் எழுதுவார்
என்றார் ஹிஷாம்.
அந்தச் சிவப்பை நான் அழிக்கவில்லை.
மூன்று நாள் யாரும் என்னோடு சாப்பிட வரவில்லை.
நான்காம் நாள் தூண் தடித்திருந்தது, யார் பெயரிலோ.

ஏழு மணி நேரச் சங்கத்தை அழுத்தினேன்.
எதிரே ஆள் இருந்தால் எனக்கு வாய் வராது.
தனியே உட்கார்ந்தால் மூன்று கட்டமும் நான்தானே.

பிரெண்டன் அனுப்பிய மாதிரியில் முழுக்க ‘நாங்கள்’.
மறுத்தேன் என்றாலே போதும் நமக்கு,
ஆள் உள்ளேயே இருக்கிறாள்.
ஆங்கிலத்தில் அவளைத் தனியாக வெளியே நிறுத்தவேண்டும்,
ஒற்றை எழுத்தாக, பெரியதாக, வாக்கியத்தின் முன்னால்.

நிறுத்தினேன்.
இன்னும் நானூற்றுத் தொண்ணூற்றொன்பது.