நாற்பது சொற்கள்

வாரத்துக்கு நாற்பது சொல் அனுப்பலாம்.
நாற்பத்தொன்றாவதை
அலுவலகத்தில் யாரோ வெட்டிவிடுவார்கள்.
பதில் வராது.
நீர்மூழ்கி வாய் திறந்தால்
அது இருக்கும் இடம் தெரிந்துவிடும்.

உன் பச்சைக் கம்பளிச் சட்டையை நான்தான் உடுத்தியிருக்கிறேன்,
வயிற்றுப்பக்கம் பொத்தான் எட்டவில்லை.
ஒன்பது சொல்.
மீதி முப்பத்தொன்றை வைத்துக்கொண்டு
வியாழன் வரை யோசிப்பேன்.

ஹெலன்ஸ்பரோவிலிருந்து பெய்ஸ்லி மருத்துவமனைக்கு
மூன்று முறை ஓட்டிப் பார்த்தாயிற்று.
காய்ந்த சாலையில் முப்பத்தெட்டு நிமிடம்,
மழையில் நாற்பத்தாறு.
மூன்றாம் முறை எர்ஸ்கின் பாலத்தில் அப்படியொரு காற்று,
உயரமான லாரிகளை எல்லாம் நிறுத்தி வைத்திருந்தார்கள்.
பக்கத்து வீட்டு யூனிஸ் ஓட்டுவாள்
(அவள் கணவன் அதே கப்பலில் சமையல்),
நான் பொய்யாக முனகிக்கொண்டு வருவேன்.
"இன்னும் சத்தமாக, மோர்வென்.
பதற்றம் எனக்குப் பழக வேண்டாமா?"

பிரசவத்தின்போது உடனிருப்பவர்:
ரூரி என்று எழுதினேன்.
அடித்துவிட்டு யூனிஸ்.
பிறகு ஓரத்தில் பொடி எழுத்தில்
மறுபடி ரூரி, ஒரு கேள்விக்குறி.
மருத்துவச்சி அதை அழிக்கவில்லை.
"இந்த ஊரில் பாதிப் பேர்
இதைத்தான் எழுதுகிறார்கள்" என்றாள்,
என் ரத்த அழுத்தத்தைக் குறித்துக்கொண்டே.

இன்னொரு படிவமும் இருந்தது.
அவன் கிளம்புவதற்கு முந்தின வாரம்
சமையல் மேசையில் கிடந்தது.
கடலில் இருக்கும்போது
வீட்டில் துக்கம் நேர்ந்தால் தெரிவிக்கலாமா?
இரண்டு கட்டம்.
தேநீர்க் கோப்பையை அதன்மேல் வைத்துவிட்டு
வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.
கோப்பையை எடுத்தபோது
காகிதத்தில் ஈர வளையம்.
அதற்குள்ளேயே விழுந்தது அவன் குறி:
வேண்டாம்.
"அதை வைத்துக்கொண்டு அங்கே நான் என்ன செய்வேன்?
அழுவதற்கென்று சாத்திக்கொள்ள
ஒரு கதவுகூடக் கிடையாது."
நான் சரி என்றேன்.
உள்ளே இருப்பது அப்போதுதான்
உதைக்கப் பழகியிருந்தது.

நல்ல சேதிக்கு ஒரு வரைவு தயாராக இருக்கிறது.
எடைக்கும் நேரத்துக்கும் இடம் விட்டிருக்கிறேன்,
மூக்கு யாருடையது என்பதற்கும்.
மற்றதற்கு
நேற்றிரவு ஒன்று எழுதிப் பார்த்தேன்:
கூரை ஒழுகல் நின்றுவிட்டது,
ஏரிக்கரையில் ஐஸ்கிரீம் கடை திறந்தாயிற்று,
உன் அக்கா காரை விற்றுவிட்டாள்.
எண்ணிக் கோத்து நாற்பது சொல்.
வாசித்தபோது உடம்பெல்லாம் குளிர்ந்தது.
எவ்வளவு சரளமாக வருகிறது எனக்கு.

ஆனால் நாள்கணக்கு அவனுக்கும் தெரியுமே.
இன்னும் ஆகவில்லை என்று
ஒரு வாரம் நம்புவான்.
இரண்டாம் வாரமும் நம்புவானா?
குழந்தை நிஜமாகவே தாமதித்தால்?
தொட்டிலில் பால் கக்கிக்கொண்டு
அது சுகமாய்க் கிடக்கும்போதே
ஏதோ கோளாறில் சேதி நின்றுபோனால்?
ஐஸ்கிரீம் கடையை வாசித்துவிட்டு
அவன் அதைப் புதைத்துவிட மாட்டானா,
அந்தக் கதவில்லாத இரும்புக்குள்?

ஒரு கட்டத்தில் குறி போட்டு
மௌனத்துக்கும் பேச்சு கற்றுக்கொடுத்துவிட்டாய், ரூரி.

வரைவைக் கிழித்தேன்.
மறுபடி எழுதினேன். கிழிக்கவில்லை.
பையின் பக்கவாட்டு உறையில்
இரண்டும் இருக்கின்றன.

செவ்வாய் இரவு இரண்டரை மணி.
இடுப்பில் ஏதோ பிடித்து முறுக்கியது.
ஒத்திகையில் போட்ட சத்தம் எதுவும்
வாயிலிருந்து வரவில்லை.
சுவரைத் தட்டினேன்.
அந்தப் பக்கம் விளக்கு எரிந்தது,
பிறகு எதுவோ உடைந்தது, பிறகு யூனிஸின் வசவு.

காரில் காதொலிப்பானை மாட்டிக்கொண்டேன்.
வலி வரும்போது கேள் என்று
ஒன்றிலிருந்து அறுபது வரை
எண்ணிப் பதிந்துவிட்டுப் போயிருக்கிறான்.
அவசரமில்லாத குரல்,
ஏதோ படிக்கட்டு இறங்குகிறவன்போல.
நாற்பத்து மூன்றில் இருமுகிறான்.

பாலத்தில் இன்று காற்றில்லை.
"எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை?" என்கிறாள் யூனிஸ்.
இரு,
அவன் இன்னும் முப்பத்தேழில்தான் இருக்கிறான்.