இடப்பக்கம் மட்டும்

பொஸ்ரனிலிருந்து கப்பலில் வந்த மருந்துப் போத்தல்கள்
உடையாமல் இருக்கச் சுற்றிய தாள்களில்தான்
அவன் மானிப்பாய்க்கு வந்து சேர்ந்தான்,
கசங்கி,
காபோலிக் மணக்க மணக்க.

மிஷன் ஆஸ்பத்திரிக் கொம்பவுண்டர் யேசுரட்ணம்
பின்னேரங்களில் அவற்றை
அப்பாக்குட்டியர் கராஜுக்குக் கொண்டுவருவார்,
நாங்கள் கிறீஸ் துடைக்க.
துடைக்க முன்னம் ஒருக்கால் வாசித்துச் சொல்வார்.

முதல் விரித்த தாளிலேயே அவன் செத்துப்போனான்.
ஓர்வில் டகற். வயது முப்பத்தொன்று.
ஒகையோவில் ஒரு மண் ஓடுபாதை,
பதினேழாம் சுற்று, மரவேலி.
"ஓர் வில்லோ? நல்ல தமிழ்ப் பேராய்க் கிடக்கு"
என்றான் நல்லையா, பிளக்கின் கரியைச் சுரண்டியபடி.
ஒருவரும் சிரிக்கவில்லை.
அந்தத் தாளில் எவரும் கை துடைக்கவுமில்லை.

மற்றத் தாள்கள் பிறகு வந்தன.
ஐயோடின் சுற்றியதில் அவனுக்குக் கலியாணம்;
பெண்ணின் முகம் இருக்கவேண்டிய இடத்தில்
போத்தல் ஒழுகிய கறை.
இருமல் மருந்தின் தாளில் அவனுக்குப் பத்தொன்பது வயது.
கிழமை நாளில் பால் லொறி ஓட்டுகிறான்,
ஞாயிற்றுக்கிழமை
கடன் வாங்கிய காரில் திடலைச் சுற்றுகிறான்.
அவனுடைய ஆகப்பெரிய வெற்றி
குயினைன் வாசத்தோடு,
அவன் செத்து எட்டு மாதத்துக்குப் பிறகு நடந்தது.
கைதட்டினோம்.
அப்பாக்குட்டியர் சோடா வாங்கித் தந்தார்,
சம்பளத்தையே தவணையில் தருகிற மனுஷன்.

இன்னொரு படத்தில்
கோட்டைத் தாண்ட மூன்று கார்கள் முட்டுகின்றன,
நடுவில் அவன்.
முடிவு இருந்த பாதி வேறெந்தப் போத்தலோடோ போய்விட்டது.
ஆஸ்பத்திரிக் குப்பைக் கிடங்கில் தேடினேன்.
பஞ்சுதான் கிடந்தது.

அவன் காருக்குக் கதவில்லை, விளக்கில்லை.
ஹோர்னும் இல்லை,
குறுக்கே வர அங்கே மாடில்லை, சைக்கிளில்லை.
வலப்பக்க ரயர்கள் மட்டும் கொஞ்சம் பெரிசு.
"ஏனெண்டால் அவங்கள்
இடப்பக்கம் மட்டும்தான் திரும்புவாங்கள்"
என்றார் யேசுரட்ணம்.
பன்னிரண்டு வருசம்.
வலப்பக்கம் திரும்பத் தேவையே வராத ஒரு சீவியம்.
எனக்கு அன்றிரவு நித்திரை இல்லை.

பங்குனியில் கல்லுண்டாய் வெளி
அப்பளம்போல வெடித்துக் கிடந்தது.
புறொக்டர் அம்பலவாணரின் ஒஸ்ரின் ஏ நாற்பது,
பிரேக் பார்க்க வந்தது,
அதைச் சந்தி தாண்டும்வரை ஸ்ராட் பண்ணாமல் தள்ளினோம்.
நாலு எண்ணெய்த் தகரம், நாலு மூலை.
நல்லையா அரிக்கன் லாம்போடு நடுவில்.

ஒன்று.
இரண்டு.
மூன்றாம் சுற்றில் பின்சில்லு வழுக்கத் தொடங்கியது.
பயத்தில் ஸ்ரியறிங்கை மற்றப் பக்கம் ஒடித்தேன்.
கார் அழகாய் இடப்பக்கம் வளைந்தது.
அட,
இடப்பக்கம் திரும்ப வலப்பக்கம் பிடிக்கவேணும்!
அதை எந்தத் தாளும் சொல்லியிருக்கவில்லை.
அவனுடைய கைகள் அவ்வளவு காலமும்
வலப்பக்கம்தான் போய்க்கொண்டிருந்தன.

ஐந்தாம் சுற்றில் ரயர் வெடித்து
உப்புச் சேற்றில் அச்சுவரை இறங்கினேன்.
விடியும்வரை தள்ளினோம்.
மாதம் மூன்று ரூபாய் ஐம்பது சதம்,
பதினொரு மாதம் வெட்டினார் அப்பாக்குட்டியர்.

அந்த முதல் தாளைச் சுவரில் ஒட்டுகிறபோது
எந்தப் பக்கம் வெளியே என்று யோசிக்கவேண்டி வந்தது.
ஒரு பக்கம் வேலிக்கு முந்திய கணத்தில் எடுத்த படம்.
மறுபக்கம் குளிர்ப்பெட்டி விளம்பரம்,
திறந்த கதவுக்குள் பால், முட்டை,
பேர் தெரியாத ஒரு பழம்.
அவனைச் சுவருக்குக் கொடுத்தேன்.

கார்த்திகை மழைக்குக் கூரை ஒழுகியது.
மாப்பசை வீங்கி, குளிர்ப்பெட்டி மங்கி,
பின்பக்கம் ஊறிக்கொண்டு மேலே வந்தது.
எழுத்தெல்லாம் கண்ணாடியில் போல மாறிக் கிடக்க,
பால் போத்தல்களுக்கு ஊடாகப்
புழுதி கிளப்பிக்கொண்டு
அவன் கார்
வலப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.

யேசுரட்ணம் குடையை மடக்காமல் நின்று பார்த்தார்.
"காய்ஞ்சால் போயிடும்" என்றார்.